பச்சை போர்டின் முதல் நம்பர்

என்னுடைய முதல் சர்க்யூட் போர்டு எங்கள் பெரியப்பா வீட்டு எருக்குழியில் கிடக்கிறது. பெரியப்பா மகன் அதை வீசியபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். கோபமாகக்கூட அவர் வீசவில்லை. வெற்றிலைக் காம்பைக் கிள்ளிப் போடுவதுபோலப் போட்டார்.

"காலேஜுக்குப் போயி இதத்தான் படிச்சியா ஆத்தா? கெடக்கட்டும், மக்குனா ஒரத்துக்காவது ஆகும்."

மோட்டார் கொட்டகையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அண்ணன் மகன் ஒன்று சொல்லிச் சிரிக்கும்போது தான் சிரிக்காமல் நின்றால் அது குறையாகப் பேசப்படும் என்றுதான் அவர் சிரித்தார். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

கீரமங்கலம் பக்கம் எங்கள் ஊர். நிலத்தைப் பாகம் பிரித்தபோது அப்பாவும் பெரியப்பாவும் போர்வெல்லை மட்டும் பிரிக்க முடியாமல் பொதுவில் வைத்துக்கொண்டார்கள். ஒரு நாள் தண்ணீர் அவர்களுக்கு, மறுநாள் எங்களுக்கு. மோட்டார் கொட்டகை பெரியப்பா பாகத்தில் நிற்கிறது. மோட்டாருக்கு வேண்டிய மூணு பேஸ் கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. யாருடைய முறையோ அவர்கள் கொட்டகையில் போய் உட்கார்ந்து, கரண்ட் வந்ததும் பச்சைப் பொத்தானை அமுக்க வேண்டும். பெரியப்பாவுக்குப் போய் உட்கார ஆள் இருந்தது. எங்களுக்கு அப்பா மட்டும்தான். பகலெல்லாம் கூலிக்குப் போய்விட்டு அங்கே போய் உட்காருவார். கண் அசந்துவிட்டால் அன்றைய முறை போயிற்று. எங்களுக்கு இருந்தது ஒரு துண்டு மல்லிகைத் தோட்டம். கோடையில் முறை தவறினால் மொட்டு கடுகுபோலச் சிறுத்துவிடும். அந்தப் பூவில்தான் நான் படித்தேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பெரியப்பா மகன், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், பாதியில் நின்று சிங்கப்பூர் போய்ப் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அப்பாவுக்கு எழுத்து தெரியாது, போனில் இருக்கும் எண்கள் மட்டும் தெரியும். நான் இன்ஜினியரிங் காலேஜில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தேன். போன் அடித்தால் மோட்டார் ஓடும் பெட்டி கடையில் விற்கிறது என்று அப்பாவிடம் யாரோ சொன்னார்கள். அவர் என்னிடம் கேட்டார்.

"கடைல எதுக்குப்பா வாங்கணும்? நான் செய்யுறேன்," என்றேன். விற்கிற பெட்டியை வாங்கி மாட்டுவதற்கு நான் எதற்குப் படிக்க வேண்டும்?

புதுக்கோட்டை டவுனில் டி.வி. ரிப்பேர் பார்க்கும் கடை ஒன்றில் உதிரிப் பாகங்களும் கிடைக்கும். அங்கே போய் டாட் போர்டு கேட்டேன். நிறையத் துளைகள் போட்ட அட்டை அது. ஒவ்வொரு துளையைச் சுற்றியும் செம்பு வளையம் இருக்கும். பாகங்களின் கால்களைத் துளையில் விட்டு, மறுபக்கம் வளையத்தோடு ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும்.

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "காலேஜ் ப்ராஜக்ட்டாம்மா? செஞ்சே தர்றோம். ரிப்போர்ட்டும் சேத்து வாங்கிக்கலாம். பொம்பளப் புள்ளைங்க எல்லாம் அப்புடித்தான் வாங்கிட்டுப் போகுதுக."

"போர்டு மட்டும் குடுங்க."

"போர்டு வாங்கிட்டுப் போவீங்க, கையைச் சுட்டுக்கிட்டு திரும்ப வருவீங்க. ஒங்க இஷ்டம்."

அவர் எடுத்துக் கொடுத்தது பழுப்பு போர்டு. தாளைப் பசையில் நனைத்து அழுத்திச் செய்வது. அது அப்போது எனக்குத் தெரியாது. போர்டு என்றால் போர்டு என்று வாங்கி வந்தேன். பற்றவைக்கும்போதே சில வளையங்கள் புண்ணின் பொருக்குபோலக் கழன்று வந்தன. வயரை வளைத்து ஒட்டி எப்படியோ முடித்தேன். பெட்டியை மாட்டிய முதல் வாரம் ஓடியது. மழை தூற ஆரம்பித்ததும் கொட்டகையின் ஈரம் போர்டுக்குள் இறங்கியது. மோட்டாரைப் போட்டு அணைக்கும் ரிலேயின் சூட்டுக்குச் செவ்வெறும்புகள் உள்ளே கூடு வைத்தன. பெரியப்பா முறை நாளில் மோட்டார் டகடகவென்று விட்டுவிட்டு அடித்து நின்றது. அண்ணன் பெட்டியைப் பிடுங்கினார். மிச்சத்தைத்தான் சொன்னேனே.

நான் அழவில்லை. அந்த போர்டை வாங்கி வந்ததும் பாதியாக வெட்டியிருந்தேன். மற்ற பாதி என் தகரப்பெட்டியில் இருந்தது. அதை உப்புத் தண்ணீர் டம்ளரில் போட்டுச் சமையல்கட்டு ஓரமாக வைத்தேன். "குடிக்கிற டம்ளர்ல என்னடி ஊற வச்சுருக்க?" என்று அம்மா கத்தினாள். சில நாளில் அதன் ஓரம் ஊறிப் பருத்தது. வெயிலில் காயவைத்து ஒடித்தேன், பிஸ்கட் மாதிரி ஒடிந்தது. காலேஜ் லேபில் தூக்கிப்போட்ட கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த பச்சைத் துண்டு ஒன்றையும் கூடவே ஊறப்போட்டிருந்தேன். அது ஊறவுமில்லை, ஒடியவுமில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே வேட்டித் துணிபோல நெசவு தெரிந்தது. கண்ணாடி நூலை நெய்து செய்த கிளாஸ் போர்டு அது. துளையின் உட்சுவரிலும் செம்பு இருந்தது. வளையம் கழலவே வழியில்லை. இனி இதுதான் என்று முடிவு செய்தேன்.

திருச்சிக்குப் போனேன். எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் ஒரு கடையில் நின்றேன். எனக்குப் பின்னால் வந்த ஆண்களுக்கெல்லாம் கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் என்னிடம் திரும்பினார்கள். கிளாஸ் போர்டு கேட்டேன். பச்சையாக ஒன்றை எடுத்துப் போட்டான் விற்பவன். எனக்குச் சந்தேகம். நகவெட்டியின் அரத்தை எடுத்து ஓரத்தில் இரண்டு இழுப்பு இழுத்தேன். பச்சை மைக்கு அடியில் பழுப்பு தெரிந்தது. மூக்கருகே வைத்தேன், கருகிய பிளாஸ்டிக் வாசனை. பேப்பர் போர்டுக்குப் பச்சைச் சாயம் பூசியிருந்தார்கள்.

"என்னம்மா, தோடு வாங்குற மாதிரி ஒரசிப் பாக்குற?" என்றான். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"தோடா இருந்தா கவரிங்னு சொல்லித்தான் விப்பாங்க," என்று சொல்லிவிட்டு போர்டை மேஜையில் வைத்தேன். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். 

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே தீர்மானித்தேன். டாட் போர்டே வேண்டாம். என் சர்க்யூட்டுக்கென்று தனியாக ஒரு போர்டு செய்து வாங்குவது. லேப் கம்ப்யூட்டரில் பாதைகளை வரைந்தேன். மோட்டார் லைனுக்கும், போன் வாங்கும் சிம் கார்டு பகுதிக்கும் இடையில் அகலமாக இடம் விட்டேன், எறும்பு செத்து விழுந்தாலும் இரண்டும் தொடக்கூடாது. ரிலேவுக்குப் பக்கத்தில் மின்னல் தாங்கும் பாகத்துக்கு இடம் வைத்தேன். செய்து கொடுக்கும் கம்பெனிக்கு ஆன்லைனில் அனுப்பினேன். ஐந்து போர்டுக்குக் குறைந்து செய்ய மாட்டார்கள். ஐந்து கேட்டேன்.

பார்சல் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கூரியர்காரர்களுக்கு எங்கள் வீடு தெரியாது, பெரியப்பாவின் மாடி வீடுதான் தெரியும். அங்கே கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் கேட்டுப் போனபோது அண்ணி பார்சலைப் பிரித்திருந்தாள்.

"பிஸ்கட்டுன்னு நெனச்சுப் பிரிச்சேன். என்னமோ பச்சையா இருந்துச்சு," என்றாள். நான்கு போர்டு பிள்ளைகள் கையில். ஐந்தாவது, அடுப்பிலிருந்து இறக்கிய பால் சட்டிக்கு அடியில் இருந்தது.

"சூடு தாங்குது ஆத்தா. நல்ல அட்டைதான்," என்றார் அண்ணன், தின்பண்டத்தை மென்றுகொண்டே.

சட்டியை நானே தூக்கிவைத்துவிட்டு போர்டை எடுத்துப் பார்த்தேன். கருகவில்லை, வளையவில்லை. அந்த வீட்டில் வைத்து எனக்கு வந்த சந்தோஷத்தை முகத்தில் காட்டாமல் இருக்க மிகவும் சிரமப்பட்டேன்.

அந்த போர்டையே எடுத்து, பெட்டியை மறுபடி செய்தேன். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் போய் அவர்கள் காயிலுக்கு ஊற்றும் வார்னிஷில் கொஞ்சம் வாங்கிவந்து, ஈரம் ஏறாமலிருக்க இரண்டு பூச்சு அடித்தேன். வயர் நுழையும் ஓட்டைகளை மெழுகு வைத்து அடைத்தேன். தை மாதம், வெள்ளிக்கிழமை. கொட்டகையில் பெட்டியை மாட்டி அதற்கு அம்மா சந்தனம் குங்குமம் வைத்தாள். பெரியப்பா வந்தார். அண்ணன் வந்தார். வழியில் போனவர்களும் வந்து நின்றார்கள்.

பெட்டிக்குள் யார் யாருடைய நம்பர் இருக்கிறதோ அவர்கள் கூப்பிட்டால்தான் அது கேட்கும். ஒரு ரிங்கிலேயே அழைப்பைத் துண்டித்துவிட்டு மோட்டாரைப் போடும். நம்பர் இல்லாதவர் கூப்பிட்டால் முழுதாக அடித்து ஓயும். முதலில் பதியும் நம்பர்தான் பெட்டிக்கு எஜமான். அந்த நம்பரிலிருந்து மெசேஜ் போட்டால் மற்ற நம்பர்களைச் சேர்க்கலாம், நீக்கலாம். பெட்டியை விற்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் வைக்கிறார்கள். நானும் அப்படியே எழுதியிருந்தேன். முதல் நம்பராக அப்பாவுடையதைப் பதியத்தான் போனேன்.

அப்பா என் கையைப் பிடித்தார். "ஒங்க பெரியப்பா நம்பர மொதல்ல போடு."

"அப்பா, மொதல் நம்பர்தான் எல்லாத்தயும் மாத்த முடியும். மத்தவுக நம்பர எடுக்கவும் முடியும்."

"எடுக்கட்டுமே. எங்க அண்ணன் உசுரோட நிக்கையில எம் பேரு முன்னால வருமா? காதுகுத்துப் பத்திரிகைல கூட அப்புடிப் போட்டது கெடையாது நம்ம வீட்ல."

"இது பத்திரிகை இல்லப்பா."

"பெரியவுக இருக்காக. போடு."

பெரியப்பா தோள் துண்டைச் சரி செய்துகொண்டார். கோயிலில் முதல் விபூதி தன்னிடம் வரும்வரை நிற்பாரே, அப்படி நின்றார். அண்ணன் மட்டும் நான் சொன்னதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அதை நான் பார்த்தேன்.

பெரியப்பா நம்பர் முதலில், அப்பா நம்பர் இரண்டாவது. அப்பாவின் போனில் இரண்டாம் எண்ணை அழுத்திப் பிடித்தால் பெட்டிக்குப் போகும்படி வைத்துக் கொடுத்தேன். அவர் அழுத்தினார். பெட்டி துண்டித்தது. மோட்டார் ஓடியது. தண்ணீர் தொட்டியில் விழும் சத்தத்தைக் கேட்டு நின்றவர்கள் கை தட்டினார்கள். "ஏ, தம்பி மக பெரிய ஆளுதாண்டா," என்றார் பெரியப்பா. அவர் வாயிலிருந்து அப்படி வந்தது அது ஒரே முறை.

மறுவாரமே கொட்டகைக்குத் தகரக் கதவு வந்தது. "வெல ஒசந்த சாமான் உள்ள இருக்குல்ல, களவு போனா யாரு பதில் சொல்றது?" என்று அண்ணன் பூட்டும் போட்டார். அதுவரை அந்தக் கொட்டகைக்குக் கதவே கிடையாது. சாவி அவர்கள் வீட்டு ஆணியில் தொங்கியது. யாருக்கும் சாவி தேவைப்படவில்லை, போன்தான் இருக்கிறதே.

பங்குனியில் ஒரு நாள் அப்பா போனை நீட்டினார். "ஆத்தா, பொட்டி எடுக்க மாட்டேங்குது. முழுசா அடிச்சு ஓயுது."

எனக்கு உடனே புரிந்தது. ஆனாலும் சிக்னல் என்று சொல்லி எங்கள் முறை நாள் இரண்டு போகும்வரை பார்த்தேன். பெரியப்பா முறை நாளில் மோட்டார் ஒழுங்காக ஓடியது. எங்கள் நாளில் ஓடவில்லை. சாவி கேட்டுப் போனால் சாவி அண்ணனின் மச்சான் கையில், மச்சான் ஆவுடையார்கோவில் போயிருக்கிறான் என்றார்கள். இன்னொரு நாள் பூட்டு துருப்பிடித்துவிட்டது என்றார்கள். நான் நேராக அண்ணனிடம் கேட்டேன்.

"அப்பா நம்பர எடுத்துட்டீங்களாண்ணே?"

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "எனக்கென்ன தெரியும்? மொதல் நம்பர் யாருது? பெட்டியக் கேளு. நீ செஞ்ச பெட்டிதான, ஒங்கிட்டப் பேசும்."

அண்ணி உள்ளேயிருந்து சிரித்தாள்.

அதன்பிறகு அப்பா எங்கள் முறை நாளில் விடிந்ததும் பெரியப்பா வீட்டு கேட்டில் போய் நிற்பார். உள்ளே கூப்பிட மாட்டார்கள். பெரியப்பா பல் துலக்கிக்கொண்டே, "கரண்டு இல்லையே தம்பி," என்பார். அவர் தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும். "மூணு பேஸ் இல்லங்குறேன்," என்று சேர்த்துக்கொள்வார். சில நாள் இரக்கப்பட்டுப் போடுவார். அரை மணியில் நின்றுவிடும். அப்பா சண்டை போடவில்லை. "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று என்னிடமே சொன்னார். நான் அப்பாவிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டேன்.

வைகாசிக்குள் மல்லி போயிற்று. முதலில் மொட்டு சிறுத்தது, பிறகு இலை பழுத்துக் கொட்டியது. அம்மா வெறுங்குச்சிகளை வெட்டி அடுப்பெரிக்க எடுத்துவந்தாள். முற்றத்தில் போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"பூவ வித்து ஒன்னயப் படிக்க வச்சேன். நீ படிச்சு வந்து எங்களுக்கே பூட்டு செஞ்சு குடுத்துட்ட. ஒரு பொண்ணு படிச்சா குடும்பம் உருப்படும்னாக. உருப்பட்டுருச்சு."



இனி ஒன்றே ஒன்றுதான் நடக்க வேண்டும். பெட்டி கெட்டுப்போக வேண்டும். கெட்டால் கதவைத் திறந்தாக வேண்டும், பழையபடி பொத்தானை அமுக்கியாக வேண்டும். பழுப்பு போர்டு ஒரு மழையைத் தாங்கவில்லை. அதனால் நான் மழைக்குக் காத்திருந்தேன். ஐப்பசியில் நல்ல மழை. கொட்டகைக்குள் தண்ணீர் நின்றதாகச் சொன்னார்கள். இடி விழுந்து டிரான்ஸ்பார்மர் போயிற்று. தெருவில் டி.வி.க்கள் போயின, பெரியப்பா வீட்டு ஃப்ரிட்ஜ் போயிற்று. கரண்ட் திரும்ப வந்த அன்று காலை நான் வரப்பில் நின்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா திண்ணையிலிருந்து போனை அடித்தார். மோட்டார் ஓடியது. ஒரு திக்கல் இல்லை.

ஈரம் ஏறாத போர்டு. கழலாத வளையம். எறும்புக்கும் இடிக்கும் இடம் விட்டு வரைந்த பாதை. கடைக்காரன் நீட்டியதை உரசிப் பார்த்து ஒதுக்கிவிட்டு வரவழைத்த சாமான். அவ்வளவும் எங்களுக்கு எதிராக ஒழுங்காக வேலை செய்தது. திருச்சியில் அந்தச் சாயம் பூசிய அட்டையை வாங்கியிருந்தால் இந்நேரம் அப்பாவுக்குத் தண்ணீர் வந்திருக்கும். இதையும் சொல்லிவிட வேண்டும்: மோட்டார் ஓடிய சத்தத்தில் எனக்கு வயிறு எரிந்தது, அதே நேரம் பெருமையாகவும் இருந்தது. நான் செய்தது அது.

அடுத்த தையில் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். பாகம் பிரித்தபிறகு அவர் எங்கள் வாசல்படி ஏறியது அதுதான் முதல் தடவை.

"ஆத்தா, எங்க மாமனாருக்கு ஒரு பெட்டி வேணும். கந்தர்வகோட்டைப் பக்கம், முந்திரிக்காட்டுக்கு அங்கிட்டு கெடக்கு அவரு போரு. வீட்லேருந்து நடக்க முடியல. இடுப்பு போயிருச்சு மனுசனுக்கு. அதே மாதிரி செஞ்சு குடு. அட்டை ஒங்கிட்ட மிச்சம் கெடக்குதுல்ல?"

அப்பாவின் நம்பரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் கேட்பேன் என்று அவர் எதிர்பார்த்து வந்தது முகத்தில் தெரிந்தது. கேட்டால் 'பாப்போம்' என்று சொல்ல வாய் தயாராக இருந்தது. நான் கேட்கவில்லை.

"செஞ்சு தர்றேண்ணே," என்றேன். அம்மா உள்ளேயிருந்து பாத்திரத்தை நங்கென்று வைத்தாள்.

பிள்ளைகளிடமிருந்து வாங்கி வைத்த மற்ற நான்கு பச்சை போர்டுகளும் என் தகரப்பெட்டியில் துணி சுற்றி இருந்தன. ஒன்றை எடுத்து முதலாவதைவிடச் சுத்தமாகச் செய்தேன். நானே போய் மாட்டினேன். அந்த மாமா நல்ல மனிதர். நான் ஸ்டார்ட்டரில் வயர் மாட்டி முடிக்கும்வரை கட்டிலைப் போட்டு அருகிலேயே உட்கார்ந்திருந்தார். இளநீர் வெட்டச் சொன்னார். "பொம்பளப் புள்ள எப்புடி வயர முறுக்குது பாருய்யா," என்று போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அண்ணனுக்கும் அங்கே தலைகால் புரியவில்லை. "எங்க வீட்டுப் புள்ள மாமா. கடைச் சரக்கு எல்லாம் நம்ம வீட்ல கெடையாது," என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டார்.

கிளம்பும்போது என்னைத் தனியாகக் கேட்டார். "எங்க மாமா நம்பரதான மொதல்ல போட்ட?"

"மொதல்ல யாரு நம்பர் இருக்கணுமோ அவுக நம்பர்தாண்ணே இருக்கு."

தலையாட்டிக்கொண்டார். சம்பந்தி வீட்டில், அந்த வீட்டுப் பெரியவர் இருக்கும்போது, வேறு யார் நம்பர் முதலில் இருக்க முடியும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பெட்டியில் முதல் நம்பர் என்னுடையது. மாமாவுடையது இரண்டாவது.

மாசி முழுக்க மாமாவின் கடலைக்குத் தண்ணீர் பாய்ந்தது. பங்குனியில், கடலை விழுது மண்ணில் இறங்கிக் காய் பிடிக்கும் நேரமாகப் பார்த்து, காலேஜ் பஸ் ஸ்டாப்பில் நின்றபடி ஒரு மெசேஜ் போட்டேன். இரண்டாவது நம்பர் நீக்கப்பட்டது என்று பெட்டி பதில் அனுப்பியது. பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன்.

மறுநாள் மாமா கூப்பிட்டார். "ஆத்தா, நல்லா இருக்கியா? பொட்டி போன எடுக்க மாட்டேங்குது. முழுசா அடிச்சு ஓயுது."

அப்பா சொன்ன அதே வார்த்தை. "சிக்னல் இருக்காது மாமா. பாக்குறேன்."

"அவசரமில்ல ஆத்தா. படிப்பக் கெடுத்துக்காத. நான் மெல்ல நடந்து போயிப் போட்டுக்குறேன்."

நடந்துதான் போனார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு முந்திரிக்காட்டுக்குள் உட்கார்ந்து உட்கார்ந்து போவதாக அண்ணி அழுதது எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. மூன்றாம் நாள் அவர் வரப்பில் விழுந்து கையைச் சிராய்த்துக்கொண்டார். அதன்பிறகு அண்ணன் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினார். கரண்டுக்காக அங்கே கொட்டகையில் காத்துக் கிடப்பார், திரும்பி வருவார், மறுபடி ஓடுவார். இங்கே கேட்டில் எங்கள் அப்பா நின்றதுபோல அங்கே அவர் நின்றார். மாமனார் வீட்டில் கேள்வி வந்துவிட்டது: "ஒங்க வீட்டுச் சரக்குன்னீங்களே மாப்ள?" அதுதான் அவரை அறுத்தது.

ஒரு மத்தியானம் வந்தார். நான் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். முகம் வெயிலில் கறுத்திருந்தது.

"என்ன ஆத்தா, அந்தப் பெட்டிக்கு என்ன ஆச்சு?"

"எனக்கென்னண்ணே தெரியும்? மொதல் நம்பர் யாருது? பெட்டியக் கேளுங்க."

கொஞ்ச நேரம் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியபோது கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. அடித்தால் பெட்டி பேசாது என்று தெரிந்துகொண்டார்.

"அவரு ஒனக்கு என்ன பாவம் செஞ்சாரு? கெழட்டு மனுசன்."

"எங்கப்பா ஒங்களுக்கு என்ன செஞ்சாரு? மல்லி என்ன செஞ்சுச்சு?"

அப்பா கொல்லைப் பக்கமிருந்து வந்து நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். என்னை அதட்டுவார் என்று நினைத்தேன். அண்ணன் மகனுக்காகப் பேசுவார் என்றுகூட நினைத்தேன். அவர் தன் போனை எடுத்தார், இரண்டை அழுத்திப் பிடித்தார், ஸ்பீக்கரில் போட்டார். ரிங் முழுதாக அடித்தது. மூவரும் கேட்டோம். ஓய்ந்ததும் மறுபடி அழுத்தினார். மூன்றாம் முறை அடித்துக்கொண்டிருக்கும்போது அண்ணன் தன் அப்பாவுக்குப் போன் போட்டார்.

"ஆமாப்பா. சித்தப்பா நம்பரத்தான். சேத்து விடுங்க. கேக்காதீங்க, சேத்து விடுங்கங்குறேன்."

அப்பா நான்காம் முறை அழுத்தினார். ஒரு ரிங்கில் துண்டித்தது. தூரத்தில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. அன்று எங்கள் முறைதான். தண்ணீர் வாய்க்காலில் வந்து, வெட்டிப்போட்ட மல்லிக் கட்டைகளுக்கு நடுவே வெறும் மண்ணில் பாய்ந்தது. அப்பா கரையில் நின்று கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தார். மடையைத் திருப்பிவிடக்கூட இல்லை.

மாமாவின் நம்பரை அன்றே சேர்த்துவிட்டேன். இரண்டாவது இடத்தில்.

இது நடந்தபிறகு பெரியப்பா வீட்டில் யாரும் எங்களோடு பேசுவதில்லை. ஆடியில் அப்பா புதிதாக மல்லிப் பதியன் வைத்தார். எங்கள் முறை நாளில் தண்ணீர் ஒரு முறையும் தவறியதில்லை. கொட்டகைப் பெட்டியில் பெரியப்பாதான் இன்னும் முதல் நம்பர். ஒரு மெசேஜில் அப்பாவை மறுபடி நீக்க முடியும். நீக்க மாட்டார்கள். முந்திரிக்காட்டுப் பெட்டியில் நான் முதல் நம்பர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் இடையில் இப்போது இருக்கும் சமாதானம் அவ்வளவுதான்.

"பங்காளி சண்டைல அந்த மனுசன ஏண்டி இழுத்த?" என்று அம்மா ஒருமுறை கேட்டாள். பூ பறித்துக்கொண்டே கேட்டாள். கூடை பாதி நிறைந்திருந்தது.

மாமாவுக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. சொன்னால், தான் எங்கள் தண்ணீரை அடைத்ததும் வெளியே வரும் என்று அண்ணன் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சிக்னல் கோளாறை நான்தான் சரி செய்தேன் என்று அவர் நம்பிக்கொண்டிருக்கிறார். பொங்கலுக்கு முந்திரிப் பருப்பு கொடுத்தனுப்பினார், போனிலும் கூப்பிட்டார்.

"ஆத்தா, ஒன் பொட்டியாலதான் எங் காலு பொழச்சுக் கெடக்கு. நீ நல்லா இருக்கணும். அது எத்தன வருசம் ஒழைக்கும் ஆத்தா?"

"ரொம்ப வருசம் ஒழைக்கும் மாமா," என்றேன். "நல்ல போர்டு."

உண்மையைத்தான் சொன்னேன். அதுவும் கிளாஸ் போர்டு. அதற்கும் வார்னிஷ் இரண்டு பூச்சு அடித்திருக்கிறேன்.